பெரிய டீச்சருக்குச் சிவப்பு

"மணி அடிச்சாச்சு. என் பொண்டாட்டி பீரியட்ல ஒரு பிள்ளைகூட எழுந்திரிக்கலை. அடுத்த பீரியட் என்ன தெரியுமா? விளையாட்டு! பந்தைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு விளையாட்டு வாத்தியார் வாசல்ல நின்னு, 'வாங்கடா கண்ணுகளா'ன்னு கெஞ்சறாரு. உள்ளேயிருந்து என்ன பதில் வருது? 'ஒரே ஒரு கணக்கு சார், முடிச்சுட்டு வர்றோம்!' மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுட்டாரு!"

காலைச் சாப்பாட்டு மேசையில் பெரிய டீச்சரின் கொழுந்தன் கையிலிருந்த ரொட்டித் துண்டு பந்தானது, விசிலானது, விளையாட்டு வாத்தியாரின் கைக்குட்டையானது. எல்லா வேடமும் போட்டு முடித்த பிறகுதான் அவன் வாய்க்குள் போனது. தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். கடையில் ஓடாத மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கும். அவன் வாய் மட்டும் மின்சாரம் இல்லாமலே ஓடும்.

"தம்பி, ரீல் விடறதுக்கும் ஒரு அளவு இருக்கு" என்றாள் பெரிய டீச்சர். "கணக்கு பீரியட்ல மணி அடிச்சா பசங்க எப்படி ஓடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? வாசல்ல நின்னா நம்ம எலும்பு நமக்கு மிஞ்சாது."

"உங்க பீரியட்ல ஓடுவாங்க அண்ணி."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. மேசைக்கு அடியில் சின்ன டீச்சர் கணவனுக்கு ஓர் உதை விட்டாள். அது விலாசம் தவறி, எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டரின் முழங்காலில் போய் விழுந்தது. பெரிய டீச்சரின் கணவர் அவர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வதே தொழில் என்பதால், வீட்டில் தன் வாயைத் திறக்க மாட்டார். உதையையும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

"அக்கா, அழுதாருங்கறதெல்லாம் இவர் சேர்த்துக்கிட்டது" என்றாள் சின்னவள் மெதுவாக. "ஆனா பசங்க எழுந்திரிக்காதது நிஜம்தான்."

"நீயுமா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள் பெரியவள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம், இரண்டு கணக்கு டீச்சர்கள். அண்ணன் மனைவி பெரிய டீச்சர், தம்பி மனைவி சின்ன டீச்சர். பெரியவளின் சிவப்புப் பேனாவைக் கண்டால் மாணவர்கள் என்ன, மாணவர்களைப் பெற்றவர்களே ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். விடையைச் சரியாக எழுதிவிட்டு அலகை எழுதாமல் விட்டவன் அரை மதிப்பெண்ணை மறந்துவிட வேண்டியதுதான். 'இருபத்து நாலா? இருபத்து நாலு என்ன? யானையா, பூனையா?' என்று அவள் கேட்கும் கேள்வி பக்கத்து வகுப்பையும் சேர்த்துத் திருத்தும்.

சின்னவளிடம் பேனா கிடையாது. கணினியில் கட்டம் கட்டமாக விரியும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் தயார் செய்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். விடையை அடித்தால் போதும். சரியென்றால் கட்டம் பச்சையாகும். தப்பென்றால் அந்த நொடியே சிவப்பாகி, எங்கே சறுக்கினாய் என்று பக்கத்துக் கட்டத்தில் ஒரு குறிப்பும் வரும். வீட்டில் இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே ஷீட். ஆளுக்கு ஒரு வரிசை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெரிய டீச்சரின் ஒரே மகள், வாண்டு, சின்ன டீச்சரின் வகுப்பில்தான் படிக்கிறாள். சொந்தப் பிள்ளையின் வகுப்பைத் தாய்க்குக் கொடுப்பதில்லை என்பது பள்ளிக்கூடத்து விதி. ஆனாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மாலையும் வாண்டு கணக்கு போட்டது அம்மாவின் பக்கத்தில்தான். போன வாரம் தோட்டத்துப் பாதைக் கணக்கு ஒன்றில் தப்பு வந்தது. "இது கூடத் தெரியலையா? கணக்கு டீச்சர் பொண்ணுன்னு வெளியில சொல்லிடாதே" என்றாள் அம்மா. வாண்டு நோட்டை மூடினாள். அதற்குப் பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்றிலிருந்து மாலையானால் கதவைச் சாத்திக்கொண்டு சித்தியின் ஷீட்டோடுதான் குடித்தனம். உள்ளேயிருந்து அவ்வப்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். கணக்கு போடும்போது சிரிப்பு! பெரிய டீச்சரின் வயிற்றில் மூட்டிய அடுப்பில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம். பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நெஞ்செரிச்சல் என்பாள். அதற்காக மாத்திரைகூடப் போட்டுக்கொண்டாள்.

பள்ளிக்குக் கிளம்பும்முன் மகளின் அறையை எட்டிப் பார்த்தாள். கால் சுளுக்கி, கட்டுப் போட்டுக்கொண்டு, வாண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். லேப்டாப்புக்கு இரண்டு தலையணை கொடுத்திருந்தாள். பெற்ற தாய் உட்காரக் கட்டிலில் ஓர் ஓரம்கூட மிச்சமில்லை.

"சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன். விட்டுப்போன கணக்கெல்லாம் ரெண்டு பேரும் போட்டுடலாம்."

"வேண்டாம்மா. சித்தி ஷீட் இருக்கு."

"ஷீட்டு உனக்கு உட்கார்ந்து சொல்லிக் குடுக்குமா?"

"தப்புன்னா சிவப்பாகும். அவ்வளவுதான்."

"நானும் அதைத்தானேடி பண்றேன்? என்கிட்ட இருக்கறதும் சிவப்புப் பேனாதானே!"

வாண்டு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது முகத்தைச் சுளிக்காதும்மா" என்றாள்.

அந்த ஒரு வரி பள்ளிக்கூடம் வரைக்கும் பெரிய டீச்சரோடு பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

ஆசிரியர் அறையில் நிலைமை இன்னும் மோசம். சின்ன டீச்சரைச் சுற்றி ஒரு மாநாடு. "எனக்கும் ஒரு ஷீட் போட்டுக் குடும்மா" என்று அறிவியல் டீச்சர். "சரித்திரத்துக்கு வருமா?" என்று சரித்திர வாத்தியார். தலைமையாசிரியை சின்னவளின் தோளில் வைத்த கையை எடுக்க மறந்துவிட்டார். அந்தத் தோள் இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது தன்னுடையதாக இருந்ததுண்டா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள் பெரியவள். விடை பூஜ்யம். அலகுகூடத் தேவையில்லை.

தேர்வுத் தாள்களை எடுத்துத் திருத்த உட்கார்ந்தாள். அவள் அழுத்திய அழுத்தில் பேனா முனை மூன்று தாள்களைத் தாண்டி மேசைக்கும் மதிப்பெண் போட்டது.

பிற்பகலில் அவளுக்கு ஓய்வு பீரியட். அறையில் ஒருவரும் இல்லை. மூலையில் பழைய கணினி, சளி பிடித்த மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

'அந்த ஷீட்டுல ஓட்டை இல்லாமலா இருக்கும்? ஒரே ஒரு ஓட்டை. கண்டுபிடிச்சு இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில பரிமாறறேன்' என்று முடிவு கட்டினாள். எல்லா டீச்சர்களுக்கும் சின்னவள் அனுப்பிய இணைப்பு, திறக்கப்படாமலே ஒரு வாரமாக அவளிடம் கிடந்தது. திறந்தாள்.

எண்கள், பெயர்கள், பச்சைப் பசேலென்று வயல் மாதிரி ஷீட். இன்றைய கணக்குகளில் ஒரே ஒரு வரிசை மட்டும் காலி. வாண்டுவுடையது. இன்றைக்குத்தான் அவள் பள்ளிக்கு வரவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது? மகளின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள் அம்மா.

முதல் கணக்கு, முக்கோணத்தின் பரப்பளவு. அடிப்பக்கம் எட்டு செ.மீ., உயரம் ஆறு செ.மீ. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அடித்தாள்: 24 ச.செ.மீ.

கட்டம் சிவந்தது.

பக்கத்தில் எழுத்து முளைத்தது: 'மறுபடி பாரு, கண்ணா.'

"யாருக்கு யாருடி கண்ணா?" என்று கணினியைப் பார்த்துக் கேட்டேவிட்டாள் பெரிய டீச்சர். வாழ்க்கையில் சிவப்பு போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. அதே விடையை மறுபடி அடித்தாள், விசைகள் பயந்துபோகும்படி. 24 ச.செ.மீ. மறுபடி சிவப்பு. மறுபடி கண்ணா.

ஆகா, கிடைத்துவிட்டது ஓட்டை! சரியான விடைக்குச் சிவப்பு! இதற்கா தோளில் கை? மூன்றாம் முறை, ஒரு வெற்றிச் சிரிப்போடு, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

அப்போதுதான் அதே வரிசையின் கடைசிக் கட்டத்தைச் சுற்றி ஒரு நீலக் கோடு துடித்தது. வேறு யாரோ அங்கே எழுதுகிறார்கள்.

'என் வரிசையில யாரு?'

சுடுதண்ணீர் பட்டது போல் கையை எடுத்தாள். பத்து கிலோமீட்டருக்கு அப்பால், இரண்டு தலையணை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மகள் இதே ஷீட்டைத் திறந்து வைத்திருக்கிறாள். மூச்சு விடாமல் உட்கார்ந்தாள் பெரிய டீச்சர், மூச்சு விட்டால் அது திரையில் தெரிந்துவிடும் என்பது போல.

நீலக் கோடு மறுபடி துடித்தது.

'அம்மா?'

பிறகு: 'ச.செ.மீ. போடறது இந்த உலகத்திலேயே நீ மட்டும்தாம்மா.'

வேறு வழியில்லை. அவளும் ஓர் ஓரக் கட்டத்தில் எழுதினாள்: 'சும்மா பார்க்க வந்தேன்.'

'சும்மா பார்க்கறவங்க மூணு தரம் அடிப்பாங்களா?'

'விடை சரி. உங்க சித்தி ஷீட்டுதான் தப்பு.'

'எண் மட்டும் போடும்மா. அதுக்கு அலகு தெரியாது.'

அலகு தெரியாத ஒன்று கணக்கு சொல்லித்தருகிறதாம்! முணுமுணுத்துக்கொண்டே 24 என்று மொட்டையாக அடித்தாள். கட்டம் பச்சையானது. ஓர் இளம்பச்சைக் கட்டத்தைப் பார்த்து இந்த வயதில் நெஞ்சு குளிரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் ரீல் விடுகிறவர்கள் பட்டியலில் சேர்த்திருப்பாள்.

இரண்டாவது கணக்கு, பச்சை. மூன்றாவது, பச்சை. இப்போது அவள் கணக்கைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றிலும் சின்னவள் எங்கே கோட்டை விட்டிருக்கிறாள் என்று வேட்டை நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வேகத்தில்தான் நாலாவது வந்தது. முப்பது மீட்டருக்கு இருபது மீட்டர் தோட்டம். நடுவில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் இரண்டு பாதைகள், அகலம் இரண்டு மீட்டர். பாதைகளின் பரப்பளவு என்ன?

அறுபது, நாற்பது, மொத்தம் நூறு. அடித்தாள்.

சிவப்பு.

'ஒரு இடத்தை ரெண்டு தரம் கூட்டிட்டியா, கண்ணா?'

"நானா?" என்றாள். நூறு என்று மறுபடி அடித்தாள். சிவப்பு. இதுவும் ஷீட்டின் தப்புதான் என்று தெம்பாக மூன்றாம் முறையும் அடித்தாள். சிவப்பு, சிவப்பு.

மணி அடித்தது. அடுத்த பீரியட் அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு. மணி அடித்து முடிக்கும்முன் கரும்பலகையில் தேதி எழுதிவிடுகிறவள் என்று பெயர் எடுத்தவள். கேட்டது, நன்றாகவே கேட்டது. ஆனால் அந்தச் சிவப்பை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

நீலக் கோடு துடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது வரும். 'இது கூடத் தெரியலையா?' என்று வரும். வரட்டும். வர வேண்டியதுதான்.

கண்ணைத் திறந்தாள்.

'ரெண்டு பாதையும் சேர்ற இடத்தைப் பாரும்மா. அது ரெண்டுலயும் வருது. பரவாயில்லை, நானும் போன வாரம் நூறுதான் போட்டேன்.'

பெரிய டீச்சர் அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். நடுவில் இரண்டுக்கு இரண்டு, நாலு. கழித்தாள். தொண்ணூற்று ஆறு. பச்சை.

அந்தப் பச்சை அவள் கண்ணுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. அடுத்த விடைக் கட்டத்துக்குப் போனாள். கணக்கைப் படிக்கவில்லை. அங்கே அடித்தாள்: 'போன வாரம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.'

ஷீட்டுக்கு என்ன தெரியும்? எண் இல்லையே. சுள்ளென்று சிவந்தது. 'மறுபடி பாரு, கண்ணா.'

பிறகு ஓரக் கட்டத்தில் மெதுவாக எழுத்துகள் வந்தன.

'நான் பச்சைன்னு வெச்சுக்கறேம்மா.'

அதற்குப் பிறகு யார் எழுந்து போவார்கள்? ஐந்தாவது கணக்கை அம்மா போட்டாள். ஆறாவதை மகள் போட்டாள். ஏழாவதில் இருவரும் சண்டை போட்டார்கள். எட்டாவதில் அம்மா பழக்க தோஷத்தில் ச.செ.மீ. போட்டுச் சிவப்பு வாங்கினாள். மகள் அனுப்பிய சிரிப்பு கட்டம் கொள்ளாமல் பக்கத்துக் கட்டத்துக்கு வழிந்தது.

"டீச்சர்!"

வாசலில் விளையாட்டு வாத்தியார், விசிலோடு. "உங்க ஒன்பதாம் வகுப்பு மேல கூரை இன்னும் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. தலைமையாசிரியை ரெண்டு தரம் போய் அதட்டிட்டு வந்தாச்சு."

"இதோ வந்துட்டேன் சார். ஒரே ஒரு கணக்கு."

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "அன்னிக்கு அந்தப் பிள்ளைங்களும் இதையேதான் டீச்சர் சொல்லிச்சுங்க."

விரல் விசையிலேயே நின்றுவிட்டது. பெரிய டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "அப்போ நீங்க நிஜமாவே அழுதீங்களா?"

"நானா? கண்ணுல தூசி டீச்சர்" என்றார் அவர், விசிலைத் துடைத்துக்கொண்டே.

அவள் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பீரியடில் முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டு மேசை. வாண்டு நொண்டி நொண்டி வந்து, இத்தனை நாள் காலியாக இருந்த நாற்காலியில், அம்மாவின் பக்கத்தில், உட்கார்ந்தாள். எதுவும் நடக்காதது போல் தண்ணீரை நகர்த்தி வைத்தாள் பெரியவள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், எப்படிப் போகும்? கையை எடுத்துக் கழுவினால் போவதற்கு அது என்ன சோற்றுப் பருக்கையா? எதிரே சின்னவள் தட்டில் ரொட்டி வட்டமாக இருப்பதைப் பார்த்தால்கூட அவளுக்கு இன்னும் லேசாகச் சுர்ரென்றது.

தட்டுக்குப் பக்கத்தில் அவள் போன் அதிர்ந்தது. தலைமையாசிரியை. 'நாளைக் காலை முதல் மணிக்கு முன் நீங்களும் சின்ன டீச்சரும் என் அறைக்கு வரவும்.' வகுப்புக்கு வராதது இவள் குற்றம். இதில் சின்னவளை எதற்குக் கூப்பிடுகிறார்? ஒன்றும் புரியாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாண்டு" என்றாள் சின்ன டீச்சர், "இன்னிக்கு உன் வரிசையில ச.செ.மீ. எல்லாம் அடிச்சிருந்துதே. யாரு அது?"

"நான்தான் சித்தி" என்றாள் வாண்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே. "கால் வலியில தெரியாம அடிச்சுட்டேன்."

"கால் வலியிலயா?" என்றாள் சின்னவள்.

பெரிய டீச்சர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். மகள் தனக்காகப் பொய் சொல்கிறாள். இதை அப்படியே விட்டுவிட்டால் இந்த மேசையில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தோளில் கை வாங்கியவள் முன்னால் தலை குனிய வேண்டியதில்லை.

அதற்குள் கொழுந்தன் அண்ணனைப் பிடித்துக்கொண்டான். காலையில் விட்ட கதை இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் நன்றாகக் கொழுத்திருந்தது. "அண்ணா, மணி அடிக்கிறவர் கை ஓஞ்சு போச்சாம்! பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இருந்து மணியைக் கடன் வாங்கிட்டு வந்து அடிச்சாங்களாம். அப்பவும் ஒருத்தர் எழுந்திரிக்கலையே!"

பல் டாக்டர் அதிசயமாக வாய் திறந்தார். "நம்பற மாதிரி இல்லையே" என்றவர், மனைவி பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

சின்னவள் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள். வரப்போகும் அடிக்குத் தயாராகி, உதட்டை மடித்துக்கொண்டாள். வாண்டு அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தாள்.

பெரிய டீச்சர் தண்ணீர் குடித்தாள். குவளை காலியாகும் வரை குடித்தாள்.

"மணியைக் கடன் வாங்கினது பொய்" என்றாள். "மத்தபடி தம்பி சொன்னது அத்தனையும் நிஜம். மணி அடிச்சா எழுந்திரிக்க முடியலை. ச.செ.மீ. போட்டது நான்தான். எனக்கு மணி கேட்டுது. நான்தான் எழுந்திரிக்கலை."